கடலடிச் சித்திரக்காரர் ரான்சொனே பிரபு

பாண்டி நாட்டுக் கீழ்கரையில் முத்துக்குளிப்பு எத்துணை நூற்றாண்டுகளாக நடைபெற்று வந்ததென்று வரையறுத்துக் கூறுதல் எளிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் இக் கரையைக் குறித்தெழுதிய கிரேக்க வணிகன் ஒருவன் கொற்கைத் துறையின் முத்துக் குளிப்பைத் தன் நூலிற் குறித்துச் சென்றிருக்கின்றான். கொற்கை மணல்மூடிப் போன பின்னர் அச் சிறப்பு தூத்துக்குடிக்கு வந்தது. 1961-ஆம் ஆண்டில் நிகழ்ந்த கடைசிச் சலாபம் வரையில், கல்லைக் காலிற் கட்டிக்கொண்டு பத்துப் பாக ஆழத்திற்கும் இறங்கி, ஒரு நிமிஷமோ சற்று மிகுதியோ மூச்சடக்கிச் சிப்பி வாரி ஏறியவர்கள் நம் கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தார்கள். கடலின் அடித்தளம் எவ்வாறிருக்கும் என்பதை உலகில் வேறெவரினும் மிகுதியாகக் கண்ணாற் கண்டவர்கள் இவர்களேயாவர். ஆயினும், தாம் கண்டதை அவர்கள் சித்திரமாக எழுதிவைத்தாரில்லை. அதற்குக் காரணம் திறமைக் குறைவன்று. ஒரு நிமிஷ நேரத்தில் கையோ சிப்பியைத் தேடும்; கண்ணோ கையைத் தொடர்ந்து செல்லும்; நெஞ்சோ மேலேறும் நாழிகையை எண்ணிக்கொண்டிருக்கும். சுற்றிலும் நோக்கி நிற்பதற்கு அங்கே யாருக்குப் பொழுதுண்டு?

கடலடியில் அமர்ந்து, அங்குள்ள காட்சியை அங்கேயே வரைந்தவர்களுள் முதல்வரென்று எண்ணப்படுபவர், கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள வியன்னா நகரத்துக் கனவான் ஒருவர். அவர் பெயர் யூஜின் வான் ரான்சொனே-வீயே. அவர் அச் செயலைச் செய்த இடம் நம் மன்னார்க் குடாவிற்குத் தெற்கே, இலங்கைத் தீவின் தென்மேற்கு முனையிலுள்ள காலித் துறைமுகம். தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் இடையே தோணிகளும், பின்னர் நீராவிக் கப்பல்களும் இடைவிடாது சென்று வந்த நாட்கள் உண்டு, 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பெனியின் கலங்கள் ஓடியதும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையேதான். ஆகவே, ரான்சொனேயின் கடல் நமக்கு அயற்கடல் அன்று.

அவர் 1838-ஆம் ஆண்டில் வியன்னாவையடுத்த ஹீட்சிங்கில், பிரபுக்கள் மரபிற் பிறந்தார். சிறு பிராயத்திலேயே அந் நகரத்து நுண்கலைக் கழகத்திற் சித்திரம் பயின்றார். எனினும், சித்திரம் வரைந்து வயிறு வளர்க்க வேண்டிய நிலை அவருக்கில்லை. சட்டம் கற்று, ஆஸ்திரியப் பேரரசின் வெளிநாட்டுக் காரியாலயத்தில் அலுவலரானார். அக் காலத்து ஆஸ்திரியா, இக் காலத்துச் சிறு நாட்டைப் போலக் கடலற்ற நாடாக இருந்ததில்லை. திரியெஸ்டுத் துறையும் ஏட்ரியாடிக் கரையும் அதற்குரியனவாயிருந்தன. 1857 முதல் 1859 வரையில் நோவாரா என்னும் அந் நாட்டுப் போர்க்கப்பல் அறிஞர் பலரை ஏற்றிக்கொண்டு உலகை வலம் வந்தது. 1858-இன் தொடக்கத்தில் காலியிலும் சென்னையிலும் நங்கூரமிட்டுத் தங்கியது. அக் கப்பல் கொணர்ந்த பொருள்களையும் செய்திகளையும் வியன்னா நகரமே வியந்து பேசிய காலத்தில் நம் ரான்சொனேக்கு வயது இருபத்தொன்று. தூர தேசப் பிரயாணத்தில் அவருக்குண்டான வேட்கைக்கு வேறு காரணம் தேடவேண்டுவதில்லை.

சித்திரக் கலையிலும் அப்பொழுது ஒரு மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னெல்லாம் இயற்கைக் காட்சியை எழுதுவோர் வெளியிற் சென்று பென்சிலாற் குறித்து வந்து, வீட்டினுள் அமர்ந்தே வர்ணந் தீட்டுவது வழக்கம். 1841-இல் ஜான் ராண்டு என்னும் அமெரிக்கர் எண்ணெய் வர்ணங்களைத் தகரக் குழாய்களில் அடைத்துவைக்கும் உபாயத்தைக் கண்டபின், வர்ணப் பெட்டியைக் கையிலேந்தி வெட்டவெளியிலேயே படமெழுதல் எளிதாயிற்று. பிரான்சு தேசத்துச் சித்திரக்காரராகிய தோபின்யி, 1857-இல் சிறு படகொன்றைச் சித்திரசாலையாக்கி, ஆற்றின் மேலேயே மிதந்துகொண்டு கரைகளை வரையத் தொடங்கினார். பின்னாளில் மோனே என்பவரும் அவ்வாறே ஒரு படகமைத்துக்கொண்டார். மோனே தம் படகில் அமர்ந்து வரைவதை மானே என்னும் மற்றொருவர் 1874-இல் படமாகவே எழுதியிருக்கின்றார். நீரில் இருந்துகொண்டு நிலத்தையும் நீரின் மேற்பரப்பையும் நோக்குதலே இவர்கள் செய்தது. அப் படகின் விளிம்பிற்குக் கீழே நோக்க வேண்டுமென்று நினைத்தவர் ரான்சொனே.

அந் நினைவு அவருக்குத் தோன்றியது செங்கடலில். 1862-இல் எகிப்து நாட்டிற்குச் சென்ற அவர், சினாய்க் கரையிலுள்ள தோர் என்னும் சிற்றூரை அடைந்து, அங்குள்ள பவளப் பாறைகளைக் கண்டார். மறு ஆண்டில் கெய்ரோ முதல் தோர் வரையிற் சென்ற அப் பிரயாணத்தையும், பவளத் திட்டுகளையும் குறித்து ஒரு நூலும் வெளியிட்டார். ஆயின், அவர் மனம் நிறைவு பெறவில்லை. படகிலிருந்து கடலடியைக் காண முயன்றவர்க்கு இதன் காரணம் விளங்கும். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தீவுகளின் பக்கம், காற்றடங்கிய காலை வேளையில் தோணியிற் குனிந்து நோக்கினால், பாறையும் பாசியும் மீனும் தெரியத்தான் தெரியும். ஒரு சிறு காற்று வீசிய மாத்திரத்தில் எல்லாம் குலைந்து ஆயிரந் துணுக்காகும். வானத்தின் ஒளி நீரின்மேற் பட்டுக் கண்ணைக் கூசச்செய்யும். இவையிரண்டும் இல்லாது, கண்ணாடி போல நீர் நின்றாலுங் கூட, சித்திரக்காரனுக்கு மற்றொரு குறை உண்டு. மேலிருந்து நோக்குகின்றவன் காண்பது நிலப்படத்தையேயன்றி நிலக்காட்சியை அன்று. ஒரு நகரத்தை வானத்திலிருந்து நோக்கினால் கூரைகளே தெரியும். அதன் கோபுரம் எவ்வளவு உயர்ந்தது, தெரு எங்ஙனம் சென்று மறைகின்றது என்பன தெரியா. கோபுரத்தைக் கோபுரமாகக் காணவேண்டுமானால் தெருவில் வந்து நிற்கவேண்டும். கடலடியின் தெருவில் எவ்வாறு நிற்பது என்பதே ரான்சொனேயின் முன்னிருந்த வினா.

அதற்கு விடையாக 1864-இல் அவர் இலங்கைக்குப் புறப்பட்டபொழுது தாமே திட்டமிட்ட மூழ்கு கூண்டு ஒன்றைப் பயன்படுத்தத் துணிந்தார். கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர் கட்டப்படுவதற்கு முன், கிழக்கே செல்லும் நீராவிக் கப்பல்கள் தங்குமிடம் காலியே. டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் அடியில், ஆழங் குறைந்த நீரில், பவளப் பாறைகள் அங்கே செழித்திருந்தன. கரைக்கு அணித்தாகவும், சிறு படகிற் சென்று மீளக்கூடியதாகவும் உள்ள இடத்தை அவர் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனையென்றே கூறவேண்டும்.

மூழ்கு கூண்டு என்பது நூதனப் பொருளன்று. குவளையொன்றைக் கவிழ்த்துத் தண்ணீரில் நேராக அமிழ்த்தினால், உள்ளிருக்குங் காற்று வெளியேற வழியின்றி நிற்க, நீர் உள்ளே முழுதும் புகாதிருப்பதை அடுப்பங்கரைச் சிறுவனும் அறிவான். அதையே பெரிதாக்கி மனிதனை உள்ளே அமர்த்தினால் அது மூழ்கு கூண்டாகும். வால்நட்சத்திரத்தாற் பெயர்பெற்ற ஹாலி என்னும் ஆங்கில அறிஞர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அத்தகைய கூண்டொன்றில் இறங்கியிருக்கின்றார். துறைமுகச் சுவர் கட்டுவோரும், முழுகிய கப்பலிற் பொருள் தேடுவோரும் அதனைக் கையாண்டு வந்தனர். அவையெல்லாம் பலர் அமரக்கூடிய பெருங் கூண்டுகள்; தூக்கி இறக்குவதற்கே பெரிய கப்பல் வேண்டும். ரான்சொனேயின் கூண்டோ ஒருவர் மட்டும், அதுவும் இடுப்புக்கு மேல் மட்டும், அடங்கக்கூடிய சிறு பொருள். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், இரும்புத் தகட்டாலாயது, முகத்திற்கு நேரே கனத்த கண்ணாடிச் சாளரம். காற்று நிறைந்த பாத்திரம் தானே மேலே மிதந்துவிடும் ஆதலின், அதனை அடியில் நிறுத்துவதற்குப் பீரங்கிக் குண்டுகளைப் பாரமாகத் தொங்கவிட்டார். கொலைக்கென்று வார்க்கப்பட்ட குண்டுகளுக்கு இதனினும் நல்ல வேலை வாய்த்திருக்குமோ என்பது ஐயமே.

இனி, காற்றின் கணக்கு ஒன்றுண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமும் வானத்தின் அழுத்தமும் சேர்ந்து இரு மடங்காகும். ஐந்து மீட்டரில் ஒன்றரை மடங்கு. ஆகவே, நிலத்திற் கூண்டு நிறைய இருந்த காற்று, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். மற்றைப் பங்கில் நீர் ஏறிவிடும். சிறு கூண்டில் மூன்றிலொரு பங்கு நீரேறினால் அமர்ந்திருப்பவன் நிலை என்னாகும்? அன்றியும், அவன் விடும் மூச்சால் உள்ளிருக்குங் காற்று விரைவிற் கெட்டுப்போகும். ஆதலின், மேலே படகிலிருந்து இரப்பர்க் குழாய் வழியாகக் காற்றை இடைவிடாது இறைத்துக்கொண்டேயிருக்க வேண்டும். இறைப்பவர் கை ஓய்ந்தால் கீழிருப்பவர் காரியமும் ஓய்ந்தது. நம் சலாபத் தோணியிற் குளியாளின் கயிற்றைப் பிடித்து நிற்பவன் எத்தகைய பொறுப்புடையவனோ, அத்தகைய பொறுப்பு காலியின் படகுக்காரர்களுக்கும் இருந்தது. குளியாள் தன் கயிற்றைத் தன் மைத்துனன் போன்ற நெருங்கிய உறவினனிடமே கொடுப்பான் என்று சொல்வதுண்டு. ஐரோப்பியப் பிரபுவோ அந்நிய நாட்டில், அந்நிய மொழி பேசுவோரிடத்தில் தம் மூச்சை ஒப்படைத்து இறங்கினார். அவருடைய துணிவைப் புகழுவோர் அந்த நம்பிக்கையையும் சேர்த்தே புகழவேண்டும்.

இறங்கிய பின் அவர் இருந்த இருப்பைச் சிறிது மனக்கண்ணாற் காண்போமாக. தலையும் மார்பும் கைகளும் காற்றில். இடுப்புக்குக் கீழ் எல்லாம் கடல்நீரில். கால் தரையிற் பட்டால் கூண்டோடு சிறிது நகரலாம். நனைந்தாலும் கெடாதபடி மெருகெண்ணெய் பூசப்பெற்ற பசுமை நிறத் தாளும், மெல்லிய பென்சிலும் அவருடைய கருவிகள். தாளின் பசுமை வீணுக்கன்று. அது நீரின் நிறத்தையே நிலமாகக் கொள்வதற்கு உதவிற்று. கண்ணாடிக்கு அப்பால் மீன்கள் வந்து வந்து நோக்கிச் செல்ல, அவர் மணிக்கணக்கில் அவ்வாறே அமர்ந்து பாறைகளின் வடிவையும், தூரத்தையும், ஒளியையும் குறித்துக்கொண்டார். நம் குளியாளுக்குக் கிடைக்காத பொழுது என்னும் பொருளை இரும்புத் தகடும் காற்றுக் குழாயும் அவருக்கு ஈட்டித் தந்தன.

அவர் அங்குக் கண்டவை யாவை? அக் காலத்து நூல்களில் கடலடியென்று அச்சிடப்பெற்ற படங்களை நோக்கினால், கடைவீதியில் விளக்கேற்றிய பொருட்சாலை போல எல்லா வர்ணங்களும் பளிச்சென்று தோன்றும். அவை கரையிற் கொணர்ந்துவைத்த பவளத்தையும், கண்ணாடித் தொட்டியில் விட்ட மீனையும் பார்த்து எழுதப்பட்டவை. உண்மையில் நீரானது ஒளியை வடிகட்டுகின்றது. செந்நிறம் முதலில் மங்கும். பின்னர் ஆரஞ்சும் மஞ்சளும் தேயும். பசுமையும் நீலமுமே நெடுந்தொலைவு செல்வன. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவந்த பொருள் தன் சிவப்பிற் பெரும்பகுதியை இழந்துவிடும். மேலும், தரையில் நாம் மைல் கணக்கிற் காண்கின்றோம். நீரினுள்ளே சில பத்து மீட்டருக்குள் யாவும் நீலப் பனியில் மறைந்துபோம். கண்ணாடி வழியே நோக்குங்கால் பொருள்கள் நாலிலொரு பங்கு அணுகியும், மூன்றிலொரு பங்கு பெருத்தும் தோன்றும். நிலத்தில் வெயிலும் நிழலும் கூரிய விளிம்புடையவை. அங்கே நிழலே மென்மையானது, அலையின் வலைப்பின்னல் ஒளி தரையில் ஓடிக்கொண்டேயிருக்கும். இவற்றையெல்லாம் கணக்கிட்டு எழுதுதற்குப் பௌதிக நூல் இருந்தது. கண்டு எழுதுதற்கு ரான்சொனே ஒருவரே இருந்தார்.

அவருடைய கடலடிப் படங்களில் வர்ணம் குறைவு என்று ஒருவர் குறை கூறலாம். அக் குறையே அவற்றின் பெருமை. முன்னே பவளப் பாறையொன்று கரிய உருவாய் எழுந்து நிற்கும்; அதன் பின்னே மற்றொன்று சிறிது வெளுத்து; அதற்கும் பின்னே உள்ளது நீலப் புகைபோல. மலைத்தொடரை வரைவோர் கையாளும் முறையே இது. கடலடியும் மலையும் பள்ளத்தாக்கும் உடைய ஒரு நாடு என்பதை, கீழே சென்று அதன் மட்டத்திற் கண்ணை வைத்தமையால் அன்றோ அவர் கண்டார்? இலங்கையின் மக்களையும், காட்டையும், உயர்மலைகளையும் அவர் வரைந்த படங்களும் செவ்வையானவையே. ஆயின், அவற்றை வரையத்தக்கார் வேறு பலர் அக் காலத்திலிருந்தனர்.

வியன்னாவிற்கு மீண்டபின், தம் குறிப்புகளைத் தாமே கல்லச்சிற் பதித்து, 1867-இல் இலங்கைச் சித்திர நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மறு ஆண்டிற் ஜெர்மன் பதிப்பு வந்தது. கரையோரக் கடலடிக் காட்சிகள் மூழ்கு கூண்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை நூலின் நெடிய தலைப்பிலேயே பொறித்திருந்தார். பென்சிற் குறிப்புகளைக் கொண்டு எண்ணெய் வர்ணப் படங்களும் எழுதினார். அந் நூல் வந்து மூன்றாண்டுகளுக்குள், பிரெஞ்சு ஆசிரியர் ஜூல் வெர்ன் கடலடிப் பிரயாணக் கதையொன்றை எழுதி உலகெங்கும் புகழடைந்தார். இலங்கை முத்துக்குளிப்புத் துறையில் ஏழைக் குளியாள் ஒருவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றும் நிகழ்ச்சியும் அக் கதையில் வருகின்றது. கற்பனையாற் கடலடியைக் கண்டவரை உலகம் அறியும். உடம்போடு சென்று கண்டவரை அறிந்தோர் சிலர். அச் சிலருள் ஒருவர் ஜெர்மன் உயிர்நூற் பேரறிஞர் ஹெக்கல். அவர் 1881-இல் இலங்கைக்கு வந்தபொழுது, காலியின் பவளப் பாறைகளைக் குறித்து எழுதுமிடத்து, வியன்னாச் சித்திரக்காரர் சில வாரங்கள் அங்குத் தங்கி மூழ்கு கூண்டிற் செய்த வேலையை நினைவுகூர்ந்து பாராட்டியிருக்கின்றார்.

1868-இல் ஆஸ்திரிய-ஹங்கேரி அரசினர் கீழ்த்திசை நாடுகளோடு வணிக உடன்படிக்கை செய்துகொள்ளும்பொருட்டு அனுப்பிய கப்பற் கூட்டத்தோடு ரான்சொனேயும் சென்று, சீயம், சீனம், ஜப்பான் ஆகிய தேசங்களைக் கண்டு வந்தார். அவற்றின் விவரம் இங்கு வேண்டுவதில்லை. முதுமையில் ஆல்ப்ஸ் மலையடியிலுள்ள ஆட்டர் ஏரிக்கரையில், நுஸ்டோர்ப் என்னும் ஊரில் வாழ்ந்தார். அவர் பணி புரிந்த பேரரசு 1918-இல் சிதைந்து, கடற்கரை முழுவதும் பிற நாடுகளுக்குப் போயிற்று. அதையும் கண்டு, 1926-ஆம் ஆண்டில், தம் எண்பத்தெட்டாம் வயதில் அவர் காலமானார்.

அவருக்குப் பின் அத் துறையிற் புகுந்தவர் பலரல்லர். அவருள் ஒருவர் 1866-இல் நம் சென்னையிற் பிறந்த ஜார் பிரிட்சர்டு என்பது நம்மவர் அறியத்தக்கது. அவர் தாஹிதித் தீவில், படகிலிருந்து மூழ்குநர் தொப்பி அணிந்து இறங்கி, அடித்தளத்திலேயே எண்ணெய் வர்ணங்கொண்டு எழுதினார். ஒளிப்படக் கருவியை நீருக்குள் வெற்றியோடு கொண்டுசென்றவர் பிரான்சு தேசத்து லூயி பூட்டான். அது 1893-இல் நிகழ்ந்தது. கடலடியின் வர்ண ஒளிப்படம் முதன்முதல் எடுக்கப்பட்டதோ ரான்சொனே இறந்த அந்த 1926-ஆம் ஆண்டிலேதான். ஆகவே, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, கடலடியில் உள்ளபடியே ஒளியும் நிறமும் இன்னவை என்று சொல்லும் சாட்சியங்களுள் தலைமையானவை அவருடைய பென்சிற் கோடுகளேயாம்.

சாட்சி என்று கூறியதற்குக் காரணம் உண்டு. அவர் வரைந்த நாளிற் பவளப் பாறைக்குக் கேடு வரும் என்று எவரும் கருதவில்லை. அது மலையைப் போல் என்றும் இருப்பது என்றே எண்ணினர். இலங்கையின் தென்மேற்குக் கரை நெடுகிலும் பவளத்தை உடைத்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினர். நம் தூத்துக்குடியிலும் நிகழ்ந்தது அதுவே. பழைய வீட்டுச் சுவர்களிலும் மதில்களிலும் பவளக் கல்லை இன்றும் காணலாம், உற்றுநோக்கினால் பூச்சிகள் இருந்த நட்சத்திரக் குழிகளும் தெரியும். 1998-இல் கடல்நீர் அளவுக்குமேல் வெப்பமடைந்தபொழுது இரு கரைகளிலும் பவளங்கள் வெளுத்து மாண்டன. 2016-இல் மன்னார்க் குடாவில் மறுபடியும் அவ்வாறே நேர்ந்தது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையேயுள்ள இருபத்தொரு தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்காவாக்கினர். பவளத்தை எடுத்தல் குற்றமென்று 2001-இல் சட்டமும் வலுப்பெற்றது. எனினும், அவற்றுள் விலாங்குச்சல்லித் தீவு ஏற்கெனவே நீருள் மறைந்துவிட்டது. அரணாயிருந்த பாறைகளை இழந்த வான்தீவும் அலையாற் கரைந்து சிறுத்துப் போகவே, அதனைக் காக்கும்பொருட்டு செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி வைத்திருக்கின்றனர். நம் கடலடி நூறாண்டுகளுக்கு முன் எவ்வாறிருந்தது என்பதைக் காட்ட, காலிக்கு வாய்த்தவர் போன்ற ஒரு சித்திரக்காரர் நம் கரைக்கு வாய்த்திலர். சிப்பி வாரியவர்களின் நினைவில் அது இருந்தது. 1961-இல் இறங்கிய இளைஞர்களும் இந்நாளில் எண்பதைக் கடந்த முதியோராவர்.

இந் நூற்றாண்டின் தொடக்கம் முதல், தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் இத் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளை அளந்து கணக்கெடுத்து வருகின்றனர். உடைந்த பவளக் கிளைகளைச் சட்டங்களிற் கட்டி நட்டு வளர்க்கவும் செய்கின்றனர். காற்று அடைத்த உருளையை முதுகில் தாங்கிப் பாறைகளை அளக்க இறங்கும் ஆராய்ச்சியாளர், கடலடியிற் குறிப்பெழுதுவதற்கு எங்கணும் கையிற் கொண்டு செல்வது, நீரிற் கெடாத ஒரு பலகையும் சாதாரணப் பென்சிலுமே.